மடிப்பாக்கம் ஸ்கூல் வேன்: ஆயா இருக்கிற வண்டிக்கு மாதம் 400 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் ஏரியாவில் "நல்ல ஸ்கூல் வேன் யாராவது சொல்லுங்களேன்" என்ற கேள்வி ஆரம்பித்துவிடும். பதிலாக ஒரு போன் நம்பரை மட்டும் தட்டிவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். அந்த வண்டி எப்படி ஓடுகிறது, யார் பிள்ளையை ஏற்றி இறக்குகிறார்கள், என்ன குறை என்று யாரும் சொல்வதில்லை. அதனால் என் மகள் போய்வரும் வேனைப் பற்றி நல்லது கெட்டது இரண்டையும் இங்கே எழுதுகிறேன். வேன்கார அண்ணனின் பெயரும் நம்பரும் போடவில்லை. இந்த வருடத்துக்கு சீட் நிரம்பிவிட்டது, தெரியாதவர்கள் போன் செய்தால் வண்டி ஓட்டும்போது தொந்தரவு என்று அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

ராம் நகர் பக்கத்திலிருந்து நங்கநல்லூர் பக்கம் இருக்கிற பள்ளிக்கு மாதம் 2,200 ரூபாய். இதே தூரத்துக்கு 1,800 ரூபாய்க்கு வேறு வண்டிகள் ஓடுகின்றன. 400 ரூபாய் எதற்கு அதிகம் என்று முதல் நாளே கேட்டேன். வண்டியில் ஒரு ஆயா வருகிறார், அவர் சம்பளத்துக்கு என்றார். நாங்கள் முன்பு அனுப்பிய வேனில் ஆயா கிடையாது. பழைய ஆம்னி, சீட்டுக்கு நடுவில் ஒரு மரப்பலகை, அதிலும் நாலு பிள்ளைகள். பைகளெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தொங்கும். ஆம்னி தயாரிப்பை மாருதி நிறுத்தியதே 2019-ல், ஆக இன்று ஸ்கூலுக்கு ஓடுகிற ஒவ்வொரு ஆம்னியும் வயதான வண்டிதான். அதை நன்றாகப் பராமரித்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் அனுப்பியது அப்படிப்பட்ட வண்டி இல்லை.

இந்த அண்ணன் வண்டியைக் காட்டிய விதத்தை மட்டும் சொல்கிறேன். பேச வந்த அன்று எதுவும் பேசுவதற்கு முன்னால் பின்கதவைத் திறந்து, கீழே விரித்திருந்த ரப்பர் பாயை முழுதாகச் சுருட்டி எடுத்துத் தரையைக் காட்டினார். "முதல்ல இதைப் பாருங்க மேடம். மேல பெயின்ட் எல்லாரும் அடிப்பாங்க" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது தாம்பரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். 2012 ஜூலையில் ஒரு சின்னப் பெண் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து இறந்துபோனாள். உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிற எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள். வேன் பேசப் போகிறவர்கள் வெட்கப்படாமல் பாயைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற ஆளிடம் பிள்ளையை விட வேண்டாம்.

சரி, ஆயா விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த சர்வீஸே அவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டி நின்றதும் முதலில் அவர் இறங்குவார், அப்புறம்தான் கதவு முழுதாகத் திறக்கும். பிள்ளையின் கையை விரலைப் பிடித்து வாங்க மாட்டார், மணிக்கட்டைப் பிடித்துத்தான் வாங்குவார். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார், தூங்குகிற பிள்ளையையும் சேர்த்து. அவரிடம் ஒரு துணிப்பை உண்டு. அதில் வாந்திக்கு கவர், ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், போன வாரம் யாரோ விட்டுப்போன ஸ்பூன் எல்லாம் இருக்கும். சாயங்காலம் யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று நாம் முன்பே சொல்லியிருக்கிற ஆளைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார். ஒருமுறை என் தம்பி போய் நின்றான். மகள் "மாமா"வென்று கத்திக்கொண்டு ஓடப் பார்த்தாள். அப்படியும் எனக்கு போன் போட்டு, நான் சரி என்று சொன்ன பிறகுதான் கையை விட்டார். தம்பிக்குக் கொஞ்சம் கோபம். எனக்கு அன்று வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை.

இன்னொன்றும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை யாராக இருந்தாலும் எந்த வண்டியிலும் கடைசி ஸ்டாப் பிள்ளை டிரைவரோடு தனியாக இருக்கிற பத்து நிமிடம் ஒன்று உண்டு. பெரும்பாலான அம்மாக்களின் வயிற்றில் இருக்கிற பயம் இதுதான். வாய்விட்டுக் கேட்க மட்டும் தயங்குவார்கள். இந்த வண்டியில் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை ஆயா இறங்குவதில்லை. அவர் வீடு வழியில்தான் இருக்கிறது, அப்படியும் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்துதான் இறங்குகிறார். அவர் லீவு போட்டால் அண்ணனின் மனைவி வருவார். இரண்டு பேரும் வர முடியாத நாளில் வண்டி வராது என்று முந்தின இரவே தகவல் வந்துவிடும். அப்படி வராத நாட்களில் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் ஆயா இல்லாமல் வண்டியை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இதை வைத்து ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. "பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே, ஆயாவுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று சிலர். மாதத்துக்கு 400 ரூபாய், அதாவது வேலை நாள் ஒன்றுக்கு இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய. பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு நாம் செலவழிப்பதை யோசித்துப் பார்த்தால் இதற்குப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. தவிர, அது ஒரு பெண்ணின் சம்பளம். காலை ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார், மதியம் வேறு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறுகிறார். குறைக்கச் சொன்னால் யார் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து, வீட்டு வாசல் பிக்அப். பலருக்கு இந்த வண்டியில் பிடிக்காத விஷயம் இது. முட்டுச்சந்துக்குள் வண்டி வராது. தெருமுனைப் பிள்ளையார் கோயில்தான் ஸ்டாப், அங்கேதான் கொண்டுவந்து விட வேண்டும். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பையையும் தூக்கி வருவது கஷ்டம்தான், கைக்குழந்தையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் காரணம் நியாயமானது. உள்ளே வந்தால் ரிவர்ஸில்தான் வெளியே போக வேண்டும், சந்தில் சைக்கிள் ஓட்டும் வாண்டுகள் வண்டிக்குப் பின்னால் இருந்தால் கண்ணாடியில் தெரிய மாட்டார்கள். 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் என்று அரசு விதியைத் திருத்தியது. இந்த வண்டியில் பின்கேமரா இருக்கிறது. இருந்தும் பள்ளி வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஆயா கீழே இறங்கிப் பின்னால் ஒதுங்கி நின்று பார்த்து, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அண்ணன் வண்டியை நகர்த்துகிறார். நானே பார்த்திருக்கிறேன். வாசலுக்கே வா என்று வற்புறுத்துகிற பெற்றோர் ஒருமுறை அந்தப் பள்ளி வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்டாப் என்று ஒன்று வந்ததில் ஒரு நல்லதும் நடந்தது. முன்பு ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் தெரியாமல் இருந்த நாங்கள் இப்போது காலையில் கூடி நிற்கிறோம். எதிர் பிளாட் தாத்தா தன் பேரனோடு இன்னும் மூன்று பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிவருவார். தெருநாய்கள் கூட்டமாகச் சுற்றுகிற நேரம் அது, கையில் ஒரு குச்சி வைத்திருப்பார், ஆனால் ஓங்கக்கூட மாட்டார். வடிகால் மூடி உடைந்திருந்ததை ஸ்டாப்பில் நின்றபோதுதான் எல்லோரும் கவனித்தோம். புகார் கொடுத்துவிட்டு அது சரியாகும்வரை ஒரு பலகை போட்டு, பக்கத்தில் செங்கல் அடுக்கி, பிள்ளைகளை இந்தப் பக்கமாகவே நிற்க வைத்தோம். தனித்தனியாக வாசலில் ஏற்றியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஹாரன் தொல்லையும் குறைந்தது. முன்பு ஏழு மணிக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹாரன் அடித்துத் தெருவில் இருக்கிற வயதானவர்களையெல்லாம் எழுப்பிவிடுவார்கள்.

குறைகளும் இருக்கின்றன. சாயங்காலம் நேரத்துக்கு வருவதே இல்லை. மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை நடப்பதால் பல இடங்களில் தடுப்பு வைத்து ரோட்டைக் குறுக்கியிருக்கிறார்கள், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கே வருகிறது என்று பார்க்க ஜிபிஎஸ் வசதி வேண்டும். கேட்டால் "ஆயா வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க" என்கிறார். போடுகிறார்தான், "கீழ்க்கட்டளை தாண்டியாச்சு" என்று. சில நாள் மறந்துவிடுகிறார். வேலைக்குப் போகிற அம்மா அப்பாவுக்கு இது போதாது. மே மாதத்துக்கும் அண்ணன் பாதிக் கட்டணம் வாங்குகிறார், வண்டி ஓடாத மாதத்துக்கு எதற்கு என்று எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை. எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), பெயின்ட், இன்சூரன்ஸ் எல்லாம் அப்போதுதான் வரும் என்கிறார். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு வண்டி கிடையாது. ஆனால் காலையில் திடீரென்று மழை விடுமுறை அறிவித்தால் ஆயாவிடமிருந்து உடனே செய்தி வந்துவிடும், பாதி வழியில் விட்டதில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தண்ணீர் எப்படி நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

போன் விஷயத்தையும் குறையாகச் சொல்கிறார்கள். வண்டி ஓட்டும்போது எத்தனை முறை அடித்தாலும் அண்ணன் எடுக்க மாட்டார். எனக்கு அது பிடித்திருக்கிறது. அவசரமென்றால் ஆயாவின் நம்பர் இருக்கிறது.

வேறு வேன் பேசுகிறவர்கள், எந்த வண்டியாக இருந்தாலும், நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் போர்டு என்றால் வாடகைக்கு ஓட அனுமதி வாங்கிய வண்டி. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு. அதில் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதற்கு மேல் வருடா வருடமும் எஃப்சி எடுத்தாக வேண்டும். பழைய வண்டி என்றால் அந்தத் தேதியைக் கட்டாயம் பாருங்கள். ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்று) எத்தனை சீட் என்று பார்த்துவிட்டு, ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் போய் நின்று எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். பள்ளி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். நாமே பேசிய வேன் என்றால் "எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று பல பள்ளிகளில் அட்மிஷன் அன்றே சொல்லிவிடுகிறார்கள்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு போடுவேன். ஒன்றைக் குறைப்பது ஜிபிஎஸ் இல்லாததற்கும் மே மாதக் கட்டணத்துக்கும். அடுத்த ஜூனுக்கு இடம் வேண்டுமென்றால் போனில் தேடாமல் ஏப்ரல் முதல் வாரத்தில் காலை ஏழேகாலுக்குக் கோயில் முனைக்கு வாருங்கள். ஆயாவிடமே பெயர் கொடுக்கலாம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம் தருகிறார்கள்.