வாரத்துக்கு ஒரு கட்டு காமிக்ஸ்: நெடுநாள் வாசிப்பு அனுபவம்

அமெரிக்க காமிக்ஸ் இதழ்கள் புதன்கிழமைகளில் வெளியாகும். ஒரு தொடருக்குப் பெரும்பாலும் மாதம் ஒரு இதழ், இதழுக்குச் சுமார் 20 பக்கம் கதை. நாலைந்து தொடர்களைப் பின்தொடர்ந்தால் சராசரியாக வாரத்துக்கு ஒன்று புதிதாகக் கையில் இருக்கும். டிசி நிறுவனம் 2020-ல் தன் இதழ்களைச் செவ்வாய்க்கு மாற்றியது. 2024-ல் மறுபடி புதனுக்கே வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாசகர்கள் எல்லோருக்கும் பொதுவாக வாரத்தின் நடுவில் ஒரு நாள் இருப்பதில் தனி உற்சாகம் உண்டு.

பல இதழ்களைச் சேர்த்த தடித்த தொகுப்பை ஒரே மூச்சில் முடிப்பது, சந்தா செயலியில் இதழ் இதழாக விடிய விடிய ஓட்டுவது, வாரம் ஒரு சிறு கட்டு என்று அளந்து படிப்பது என மூன்று விதமாகவும் பல வருஷம் படித்திருக்கிறேன். என்னிடம் நிலைத்தது மூன்றாவதுதான். இதழ் இதழாகப் படித்தால் ஓவியம் மனதில் தங்குகிறது என்பதே காரணம். தொகுப்பாகப் படிக்கும்போது அடுத்து என்ன என்ற அவசரத்தில் கண் வசனம் இருக்கும் ஒரு பலூனிலிருந்து இன்னொரு பலூனுக்குத் தாவிக்கொண்டே போகும். ஓவியர் நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்த பக்கத்தைச் சில வினாடியில் புரட்டிவிடுவோம். 20 பக்கம்தான் இருக்கிறது, அடுத்தது இனிமேல்தான் வரும் என்றால் கை தானாகவே மெதுவாகிவிடுகிறது.

நான் பின்பற்றும் முறையில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. புதன் இரவு கதைக்காக ஒரு தடவை. ஓரிரு நாள் விட்டு, வசனத்தைப் படிக்காமல் படங்களுக்காக மட்டும் இன்னொரு தடவை. கட்டில் புது இதழ்களோடு, எப்போதோ முடிந்துபோன தொடரிலிருந்து ஒரு பழைய இதழும் கட்டாயம் இருக்கும். கறுப்பு வெள்ளையில் ஏதாவது ஒன்றும் இருந்தால் நல்லது. தொடர்ந்து வண்ணத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோட்டின் அருமை மறந்துவிடுகிறது.

இரண்டாவது சுற்றின் பலனைக் காட்ட ‘வாட்ச்மென்’ தொடரின் 5-வது இதழ் போதும். 1986-87-ல் 12 இதழ்களாக வந்த தொடர் இது. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். பக்கத்தை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரிப்பதுதான் தொடர் முழுவதற்கும் அடிப்படை. இந்த 5-வது இதழில் மட்டும் 28 பக்கங்களும் கண்ணாடி பார்த்ததுபோல அமைந்திருக்கின்றன. முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் திரும்பி நிற்கும், இரண்டாம் பக்கத்தினுடையது 27-ல், அப்படியே உள்நோக்கி வந்து 14, 15-ல் இரண்டு பாதியும் சந்திக்கும். அந்த இடத்தில் ஒரு கொலை முயற்சி நடக்கிறது. முதல் முறை படிக்கும்போது அந்தத் தாக்குதலின் வேகம்தான் தெரியும். ஒரு விரலை முன்பக்கத்திலும் இன்னொன்றைப் பின்பக்கத்திலும் வைத்து ஜோடி ஜோடியாகப் புரட்டிப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார், எந்தக் கட்டம் எங்கே அகலமாகிறது என்பதெல்லாம் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். இதை நான் எத்தனையோ முறை செய்தாகிவிட்டது, இன்னும் ஏதாவது ஒன்று புதிதாகச் சிக்குகிறது. ஜான் ஹிக்கின்ஸின் வண்ணங்களையும் கவனியுங்கள். வழக்கமான சூப்பர்ஹீரோ சிவப்பும் நீலமும் பின்னுக்குப் போய், ஊதாவும் ஆரஞ்சும் பச்சையும் முன்னால் நிற்கும்.

ஒரே ஒரு இதழைச் சொல் என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக் கொடுப்பது ‘ஹாக்ஐ’ 11-வது இதழ். 2013-ல் வந்தது, அடுத்த வருஷம் சிறந்த தனி இதழுக்கான, காமிக்ஸ் துறையின் பெரிய விருதான ஐஸ்னரையும் வாங்கியது. மேட் ஃப்ராக்‌ஷன் எழுத்து, டேவிட் ஆஹா ஓவியம், மேட் ஹாலிங்ஸ்வர்த் வண்ணம். கதை முழுக்க ஒரு நாயின் பார்வையில் நடக்கிறது. குடியிருப்பில் ஒரு கொலை. துப்பு துலக்குவது அந்த நாய். மனிதர்கள் பேசும் பலூன்களில் நாய்க்குத் தெரிந்த ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் படிக்கும்படி இருக்கும், மற்றதெல்லாம் கிறுக்கல். ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் குட்டிக் குட்டிப் படங்கள் கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கும். அவர் தொட்டது, தின்றது, எங்கிருந்து வருகிறார், யாரோடு இருந்தார், எல்லாம் வாசனையாக அந்த நாய்க்குத் தெரிந்தவை. வாசனையைப் படமாக வரைய முடியும் என்று அந்த இதழ் வரும்வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. இதே தொடரின் 19-வது இதழில் நாயகனுக்குக் காது கேட்காது. பலூன்கள் வெறுமையாக இருக்க, சைகை மொழி எந்த விளக்கமும் இல்லாமல் வரிசையாக வரையப்பட்டிருக்கும். சைகை மொழி தெரியாத வாசகர் அங்கே வெளியே நிற்கிறார்; அந்த இடத்தில் அவர் நிற்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்த இரண்டு இதழ்களும் திரைக்குப் போனால் பாதி காணாமல் போய்விடும். காமிக்ஸால் மட்டும் முடிந்த காரியங்கள் இவை.

கறுப்பு வெள்ளைக்கு என் நிரந்தரத் தேர்வு ‘உசாகி யோஜிம்போ’. எஜமான் இல்லாத சாமுராயாகத் திரியும் ஒரு முயலின் கதை, 1984-ல் தொடங்கியது. ஸ்டான் சகாய் தானே எழுதி, தானே வரைந்து, எழுத்துகளையும் தன் கையாலேயே போடுகிறார். இதில் நான் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பது ஒரு சின்ன விஷயத்தை. யாராவது வெட்டுப்பட்டு விழுந்தால், அவர் வாயருகே ஒரு குட்டிப் பலூனில் மண்டையோடு ஒன்று வெளியேறும். ரத்தம் தெறிக்காது. பெரிய சண்டைப் பக்கத்தில் அந்த மண்டையோடுகளை எண்ணினால் எத்தனை உயிர் போயிற்று என்று தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகளும் படிக்கலாம், பெரியவர்களுக்கும் மனசு கனக்கும். சாவை இவ்வளவு மரியாதையாக வரைந்த காமிக்ஸ் வேறு எனக்குத் தெரியவில்லை.

எழுத்து என்றதும், பலூன்களில் வசனத்தை எழுதும் வேலையான லெட்டரிங் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாசகர்கள் கடைசியாகக் கவனிக்கும் வேலை அதுதான். 75 இதழ்கள் வந்த ‘சாண்ட்மேன்’ தொடரில் டாட் க்ளைன் செய்ததைப் பாருங்கள். அதன் நாயகனான கனவின் அதிபதி பேசும்போது பலூன் கறுப்பு, எழுத்து வெள்ளை. காகிதத்தில் அவன் குரல் கேட்பதில்லை, ஆனாலும் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ‘சாகா’வில் கதை சொல்லும் ஹேசலின் வரிகள் பலூனுக்குள்ளோ பெட்டிக்குள்ளோ அடங்குவதில்லை. ஓவியர் ஃபியோனா ஸ்டேபிள்ஸே தன் கையெழுத்தில் ஓவியத்தின் மேல் நேராக எழுதுகிறார்.

‘சாகா’ எனக்குக் காத்திருப்பையும் பழக்கிய தொடர். 2012-ல் தொடங்கி, 54-வது இதழோடு 2018-ல் நின்றது. 54-வது எங்கே நின்றது என்று படித்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். 55-வது வந்தது 2022 ஜனவரியில். அந்த இடைவெளியில் பழைய இதழ்களையே திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். இதன் தனி இதழ்களில் கடைசியில் வாசகர் கடிதப் பகுதி உண்டு. தொகுப்பில் அது கிடையாது. எட் ப்ரூபேக்கர், ஷான் ஃபிலிப்ஸ் கூட்டணியின் ‘கிரிமினல்’ தொடரிலும் இப்படித்தான், பழைய குற்றப் படங்களையும் நாவல்களையும் பற்றிய கட்டுரைகள் தனி இதழ்களில் மட்டும் வரும். தனி இதழாக வாங்குபவருக்கு ஆசிரியர்கள் தரும் உபரி அன்பு என்றே இதை எடுத்துக்கொள்கிறேன்.

காகிதமா, திரையா? இரண்டிலும் நிறையப் படித்தவன் என்பதால் அளவோடு சொல்கிறேன். அமெரிக்க இதழின் பக்கம் ஆறரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலம், பத்தேகால் அங்குல உயரம். 12.9 அங்குல டேப்லெட்டை நெட்டாகப் பிடித்தால் பக்கம் ஏறக்குறைய நிஜ அளவில் வந்துவிடும். 10 அங்குலச் சாதனத்தில் ஐந்தில் நான்கு பங்குதான். படிக்கலாம், ஆனால் பின்னணி விவரங்கள் அடிபடும். கைப்பேசியில் முழுப் பக்கமாகப் படிப்பது வீண்வேலை. இரண்டு பக்கம் விரியும் ஓவியம் என்றால் பெரிய டேப்லெட்டிலும் சுருங்கத்தான் செய்யும். ஜே. எச். வில்லியம்ஸ் III 2009-ல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இதழ்களில் வரைந்த பேட்வுமன் பக்கங்களைத் திரையில் பார்த்தவர்கள் ஒரு தடவை காகிதத்திலும் பார்க்க வேண்டும். ஆனால் தடித்த தொகுப்பில் வேண்டாம். தையல் மடிப்புக்குள் படத்தின் நடுப்பகுதி போய்விடும், முகமே பாதி மறைந்த பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய இதழ் விரித்தால் தட்டையாகக் கிடக்கும்.

கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி பல செயலிகளில் உண்டு. கண் பார்வை குறைந்தவர்களுக்கும் கைப்பேசி மட்டுமே உள்ளவர்களுக்கும் அது வரம். மற்றவர்கள் முதல் வாசிப்பிலாவது அதை அணைத்துவையுங்கள். மேலே சொன்ன ‘வாட்ச்மென்’ கண்ணாடி அமைப்பு அதில் தெரியவே தெரியாது, பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. நான் நெடுநாள் வைத்திருந்த ஒரு செயலி ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு நான் வாங்கியிருந்த இதழ்களின் வரிசையைக் கலைத்துப் போட்டது, விரிபக்கங்களை இரண்டாக வெட்டிக் காட்டியது. அன்றிலிருந்து மனதுக்கு நெருக்கமான தொடர்களைக் காகிதத்தில் மட்டுமே வாங்குகிறேன். சந்தா செயலியைப் பழைய இதழ்களுக்கும், புதுத் தொடர்களைச் சோதித்துப் பார்க்கவும் வைத்திருக்கிறேன். மார்வெல் நிறுவனத்தின் சந்தா செயலியான மார்வெல் அன்லிமிடெட்டில் புது இதழ்கள் சுமார் மூன்று மாதம் கழித்து வரும். பொறுமை இருந்தால் அது போதும். காகித இதழ்களுக்கு உறையும் அமிலமில்லாத அட்டையும் போட்டு, படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்கினால் முதுகு வளையாது.

வாரக் கணக்கில் படிப்பதில் குறை இல்லாமல் இல்லை. ஒரு கதையைப் பத்துத் தொடர்களில் பிரித்துப் போடும் பெரு நிகழ்வுகள் வரும்போது, எல்லாவற்றையும் வாங்காதவருக்குப் பாதிதான் புரியும். அந்த மாதங்களில் அந்தத் தொடரை ஓரமாக வைத்துவிடுவேன். தொகுப்பை மனதில் வைத்தே எழுதப்படும் தொடர்களும் உண்டு. 20 பக்கமும் ஒரே அறையில் ஒரே பேச்சு, முடிவில் ஒரு கதவு திறக்கும், அவ்வளவுதான். மாதம் முழுக்கக் காத்திருந்தவருக்கு அது அநியாயம். முதல் மூன்று இதழுக்குள் ஏதாவது ஒரு பக்கத்துக்காவது திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றாவிட்டால் அந்தத் தொடரை நிறுத்திவிடுகிறேன்.

நல்ல எழுத்தாளர் இந்த மாத இடைவெளியையே கருவியாக்கிக்கொள்வார். டாம் கிங் எழுதி, கேப்ரியேல் ஹெர்னாண்டஸ் வால்டா வரைந்த ‘தி விஷன்’, 2015-16-ல் வந்த 12 இதழ்கள். இயந்திர மனிதன் ஒருவன் தன் குடும்பத்தோடு புறநகரில் குடியேறுகிறான். அக்கம்பக்கத்தார் பார்க்க வருகிறார்கள். முதல் சில பக்கங்களிலேயே, கதை சொல்லும் குரல் பின்னால் நடக்கப்போகிற ஒரு கொடுமையைச் சாவகாசமாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடும். அதை மனதில் சுமந்துகொண்டுதான் ஒரு வருஷம் முழுக்க அந்தக் குடும்பத்தைப் பார்க்கிறோம். தொகுப்பில் படித்தவர்களுக்கு அந்தச் சுமை ஒரு மாலைப் பொழுதோடு இறங்கிவிடும். இந்த வாரக் கட்டில் அதன் முதல் இதழ் இருந்தது, எத்தனையாவது தடவையோ, வயிற்றைப் பிசைவது மட்டும் மாறவில்லை.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் புது இதழ்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பிரேசிலின் இரட்டையர்கள் ஃபாபியோ மூனும் கேப்ரியேல் பாவும் 2010-ல் தந்த ‘டேட்ரிப்பர்’ பத்தே இதழ்கள். நாளிதழில் இரங்கல் குறிப்பு எழுதுகிற பிராஸ் என்பவனின் கதை. தொகுப்பாகத்தான் கையில் கிடைக்கும், பரவாயில்லை. புதன்கிழமைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேவ் ஸ்டீவர்ட்டின் வண்ணத்துக்காக வார இறுதியில் இன்னொரு தடவை புரட்டுங்கள். முதல் அத்தியாயத்தின் முடிவைப் பார்த்ததும், இதற்குமேல் இரண்டாவது எப்படி வர முடியும் என்று தோன்றும். அடுத்த புதன்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள்.