காலுக்கு எவ்வளவு? மலேசியா, தெலுக் இந்தானில் ஒரு லாயர் ஆபீஸ் பற்றி

இந்த ஆபீசின் பெயரை நான் எழுதவில்லை. நல்லதோடு குறையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன், அதனால்தான். பெயர் வேண்டுபவர்கள் எங்கள் தோட்டத்து டிவிஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாய்ந்த கோபுரத்திலிருந்து நடக்கிற தூரம்தான், பழைய கடைவீட்டின் மேல்மாடி. கீழே வாளியும் பாயும் விற்கிற சீனர் கடை. படிக்கட்டில் 23 படி. ஊன்றுகோலோடு ஏறியவளுக்கு அந்த எண்ணிக்கை மறக்காது.

நான் பாமாயில் மில்லில் லோரி எடை போடும் கிராணி (கிளார்க்). 2022 அக்டோபர் 12, தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மழை விட்ட சாலை. சிம்பாங் சந்திப்பிலிருந்து ஒரு வேன் நிற்காமல் வெளியே வந்தது, அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு இரண்டு துண்டு. பிளேட் வைத்து எட்டு ஸ்குரு போட்டார்கள். வீட்டில் 40 டின் முறுக்குக்கு ஆர்டர் எடுத்து வைத்திருந்தேன். அந்த வருடம் யாருக்கும் முறுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே ஒருவர் வாசலில் நின்றார். எப்படித் தெரிந்ததோ! நல்ல சட்டை, கையில் ஃபைல். "தங்கச்சி, இந்தக் காலுக்கு ஒரு லட்சம் வெள்ளி உறுதி. நீங்க ஒரு காசு கட்ட வேண்டாம். வர்றதுல முப்பது பெர்சன்ட் எங்களுக்கு" என்றார். (வெள்ளி என்றால் எங்கள் ரிங்கிட்.) எதுவும் எழுதாத ஃபாரம் மூன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். என் வீட்டுக்காரர் பேனாவையே எடுத்துவிட்டார். ஃபாரத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். அதெல்லாம் லாயர் பார்த்துக்கொள்வார் என்றார், லாயர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று லாயர் ஒப்பந்தம் போடுவதற்கு நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இழப்பீட்டில் பங்கு பேசுவதும் கூடாது. ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதும் தவறு. நடக்கிறதா என்றால், எங்கள் வாசல் வரைக்கும் வந்ததே!

மில்லில் மூத்த கிராணி ஒருவர் சொல்லித்தான் இந்த ஆபீசுக்குப் போனேன். லாயர் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், தமிழ் நன்றாகப் பேசுவார். உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "மேடம், எவ்வளவு கிடைக்கும்?"

"உங்க கால் இன்னும் ஆறலையேம்மா, நான் எப்படி எண் சொல்வேன்?" என்றார். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வாசலில் வந்தவர் ஒரு லட்சம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இவர் ஒன்றுமே சொல்லவில்லையே என்று.

எண் சொல்லவில்லையே தவிர, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டுக் காட்டினார். இந்த ஆபீசுக்கு நான் நட்சத்திரம் போடுவது அந்தத் தாளுக்குத்தான். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதல் கட்டம் வலிக்கும் வேதனைக்கும், முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனதற்கும். இதற்கு ரசீது கிடையாது. இதே மாதிரி எலும்பு உடைந்த பழைய வழக்குகளில் நீதிமன்றம் எவ்வளவு கொடுத்தது என்று பார்க்கிறார்கள். வழக்கறிஞர் மன்றம் 2018இல் திருத்தி வெளியிட்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை, எந்தக் காயத்துக்கு எத்தனை வெள்ளியிலிருந்து எத்தனை வெள்ளி வரை என்று அதில் போட்டிருக்கிறது. அது வழிகாட்டிதான், நீதிபதி கூட்டலாம், குறைக்கலாம். மனித உடம்புக்கு விலைப்பட்டியலா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அது இல்லாவிட்டால் வாய் பெரியவனுக்குத்தான் காசு என்று மேடம் சொன்னார். அதுவும் சரிதான்.

இரண்டாவது கட்டம் கையை விட்டுப் போன காசு. மோட்டார் ரிப்பேர், மருந்து, ஊன்றுகோல், போக்குவரத்து, வராத சம்பளம். இதில் ஒவ்வொரு வெள்ளிக்கும் சான்று வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் காரில் மருத்துவமனைக்குப் போய் வந்தேன், தடவைக்கு 50 வெள்ளி கொடுத்தேன், அவர் ரசீது எழுதித் தருவாரா? மேடம் என் அப்பாயிண்ட்மெண்ட் கார்டை வாங்கினார். அதில் குத்தியிருந்த தேதிகளை எண்ணினார், தூரத்தை எழுதினார், 1,150 வெள்ளி அதிலிருந்தே வந்தது. அந்தக் கார்டை நான் தூக்கிப் போட இருந்தேன். சித்தியவானிலிருந்து என் தங்கை வந்து இரண்டு மாதம் என்னைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டாள். அதற்கும் கேட்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. 1,600 கிடைத்தது. தங்கையிடம் கொடுத்தால் வாங்கவில்லை, அது வேறு கதை.

முறுக்குதான் என் வயிற்றெரிச்சல். வருடா வருடம் தீபாவளிக்கு நாலாயிரம் ஐயாயிரம் வெள்ளி பார்ப்பேன். கணக்கெல்லாம் வாயில்தான். வாட்சப் ஆர்டர்களைக் காட்டினோம், எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த இடத்தில் எனக்கு எழுதிய தொகை பூஜ்யம். இப்போது ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறேன், ஒரு டின் வாங்கினாலும் கிழித்துத்தான் கொடுக்கிறேன். தெருவே சிரிக்கிறது.

மூன்றாவது கட்டம் இனி வரப்போகிற செலவும் வருமான இழப்பும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு அது. காயப்பட்டவர் வயது 30 அல்லது அதற்குக் கீழே என்றால், இழந்த வருட வருமானத்தை 16ஆல் பெருக்குவார்கள். 31இலிருந்து 59 வரை என்றால் 60இலிருந்து வயதைக் கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். எனக்கு அப்போது 44. மீதி 16, பாதி 8. 2019 செப்டம்பருக்கு முன்பு 60க்குப் பதில் 55 இருந்ததாம். அப்படியென்றால் எனக்கு ஐந்தரைதான். நான் கேட்டேன், இன்னும் 16 வருடம் வேலை செய்வேனே, ஏன் எட்டு? பிறகு வரவேண்டிய காசு மொத்தமாக இப்போதே கைக்கு வருகிறது, வாழ்க்கையில் வேறு என்னவும் நடக்கலாம், அதற்காகத்தான் குறைக்கிறார்கள் என்றார்.

அப்புறம் மேடமே, "ஆனா இது உங்களுக்குக் கிடைக்காதும்மா" என்று அந்தக் கட்டத்தின் பாதியை அடித்துவிட்டார். மில்லில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், சம்பளமும் குறையவில்லை. குறையாத சம்பளத்துக்கு இழப்பு எப்படிக் கேட்பது? பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் செலவு மட்டும் மிச்சமிருந்தது. கிடைக்காததை முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான்.

தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ பற்றியும் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து வீட்டுக்கு நேராக வரும் வழியில் நடந்த விபத்து வேலை விபத்தாகவே கணக்கு. நடுவில் வேறு வழி திரும்பியிருந்தால் சிக்கல். அன்றைக்கு அரிசி மாவு வாங்க ஊருக்குள் போகலாமா என்று யோசித்து, மழை மறுபடி வரும் என்று நேராக வந்தேன். அந்த மழைக்குக் கும்பிடு. மில் சம்பளம் கொடுக்காத எம்சி (மருத்துவ விடுப்பு) நாள்களுக்கு தினச் சம்பளக் கணக்கில் 80 சதவீதம் சொக்சோ கொடுத்தது. சொக்சோ வாங்கியவள் வேன்காரர் மேல் வழக்குப் போடலாமா என்று எங்கள் லயத்தில் பெரிய விவாதமே நடந்தது. போடலாம். முதலாளி மேல்தான் போட முடியாது. சொக்சோ கொடுத்த காசை இழப்பீட்டில் கழிக்கவும் கூடாது, அதுவும் அதே 28ஏ பிரிவில் இருக்கிறது.

வழக்கு இங்கேயே செஷன்ஸ் நீதிமன்றத்தில் பதிவானது. வாகன விபத்து வழக்கை எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். அடுத்த வருடமே இன்சூரன்ஸ் தரப்பு 28,000 வெள்ளி பேசியது. வீட்டில் வாங்கிவிடு என்றார்கள். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "இதுல கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. அடுத்த வருஷம் கால் வளைஞ்சாலும் திரும்ப வர முடியாது. எலும்பு டாக்டரோட கடைசி ரிப்போர்ட் வரட்டுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். விபத்து வழக்குப் போட பொதுவாக ஆறு வருடம் கெடு இருக்கிறது, நாங்கள் ஏற்கெனவே பதிவும் செய்துவிட்டோம், அவசரம் எங்களுக்கு இல்லை, அவர்களுக்குத்தான். காத்திருந்தோம்.

போலீஸ் வரைபடம் வந்தபோது எனக்கு முகம் சுருங்கியது. நானும் கொஞ்சம் நடுக்கோட்டுப் பக்கம் வந்திருக்கிறேன். என் மேல் 40 பங்கு தவறு என்று அவர்கள் ஆரம்பித்தார்கள். பேசிப் பேசி 20இல் நின்றது. 2025 பிப்ரவரியில் முடிந்த கணக்கு இது: கால் எலும்புக்கு 34,000, தழும்புக்கு 7,000, சான்று காட்டிய செலவும் சம்பளமும் 9,800, பிளேட் எடுக்க 4,200. மொத்தம் 55,000. என் பங்குத் தவறு ஐந்தில் ஒன்றைக் கழித்தால் 44,000. லாயர் கட்டணம் முதல் நாளே கடிதத்தில் எழுதியிருந்தபடி 6,500. கைக்கு வந்தது 37,500 வெள்ளி. வாசலில் வந்தவரின் ஒரு லட்சம் எங்கே, இது எங்கே என்று என் வீட்டுக்காரர் இன்னமும் சொல்வார். அந்த ஒரு லட்சத்தை யாரும் பார்த்ததில்லை என்று நானும் சொல்வேன்.

இனி குறைகள். போன் எடுக்கமாட்டார்கள். கிளார்க் பையன் நல்ல பிள்ளை, "அக்கா, ஃபாலோ அப் பண்றேன்" என்பான், அந்த ஃபாலோ அப் இரண்டு வாரம் பிடிக்கும். 2024இல் மூன்று மாதம் எந்தத் தகவலும் இல்லை, நானே படியேறிப் போய்க் கேட்டேன். தீர்வு முடிந்தும் செக் என் கைக்கு வர ஏழு வாரம். கடிதங்கள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். மேடம் வாயால் தமிழில் விளக்குவார், ஆனால் வீட்டில் போய் யோசிக்க ஒரு தாள் வேண்டாமா? காலண்டர் தாள் மாதிரி ஒன்றை எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். சிரித்தார், இன்னும் செய்யவில்லை. அந்தப் படிக்கட்டு வேறு. காலொடிந்தவர்கள்தான் பாதி வாடிக்கையாளர்கள், கீழே கடைக்காரரிடம் பேசி ஒரு நாற்காலியும் மேசையும் போடலாம்.

காத்திருக்கும் பெஞ்சில் ஒருமுறை லங்காப்பிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கணவர் லோரி மோதி இறந்து இரண்டரை வருடம். ஆறு வருடம் இருக்கிறதே என்று யாரோ சொன்னதை நம்பி சும்மா இருந்துவிட்டார். உயிர் போன வழக்கில் குடும்பத்தார் கேட்பதற்கு மூன்று வருடம்தான். அன்றைக்கு மேடம் எங்கள் எல்லாரையும் காக்க வைத்துவிட்டு முதலில் அவர் ஃபைலைத்தான் எடுத்தார். பிரிவுத் துயருக்கென்று சட்டம் குறித்திருக்கும் தொகை முன்பு 10,000, 2019 திருத்தத்துக்குப் பிறகு 30,000 என்று உள்ளே பேசியது கதவு வழியே கேட்டது. எனக்கு ஒரு மணி நேரம் தாமதம். அதைக் குறையில் சேர்க்கவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குப் போகாதீர்கள், மேடம் நீதிமன்றத்தில் இருப்பார். மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள். போலீஸ் ரிப்போர்ட், அப்பாயிண்ட்மெண்ட் கார்டு, சம்பள ஸ்லிப், ஈபிஎஃப் (சேமநிதி) பேப்பர், பழைய டாக்சி ரசீது எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கால் முடியாதவர்கள் கீழே சீனர் கடையில் சொன்னால் அந்த ஆன்ட்டி மேலே குரல் கொடுப்பார், கிளார்க் பையன் இறங்கி வந்து கைபிடித்து ஏற்றிவிடுவான்.