கல்லீரல் புற்றுநோய் ஆபரேஷன்: திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய நோய் என்றாலே திருவனந்தபுரம்தான். எங்கள் சித்தப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி முற்றி ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் அங்கே இரண்டு ஆஸ்பத்திரிகளில் காட்டினோம்.

முதலாவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். டாக்டர் ஸ்கேன் படத்தை முழுசாகப் பார்த்து முடிப்பதற்குள் ரோபோட்டிக் பேக்கேஜ் தொகையைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வெட்டினால் மிச்சம் எவ்வளவு ஈரல் நிற்கும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்பதுதான் பதில்.

இரண்டாவது இடத்து சர்ஜன் மலையாளம் கலந்த தமிழில், படம் வரைந்தே விளக்கினார். ஈரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பார்களாம். கட்டி இடது ஓரத்திலோ முன்பக்கம் கீழேயோ இருந்தால் லேப்ராஸ்கோப்பி நல்ல வழி: வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி, சிறு துளைகள் வழியாகச் செய்து, வெட்டிய துண்டைப் பையில் போட்டுக் கொஞ்சம் பெரிய துளை வழியாக வெளியே எடுப்பார்கள். வலி குறைவு, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். நார்வேயில் ஆஸ்லோவில் 280 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், திறந்து செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் லேப்ராஸ்கோப்பியில் 19 சதவீதம் பேருக்கும்தான் சிக்கல் வந்தது. ஆனால் அது குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கான ஆய்வு, ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

ரோபோவில் சர்ஜன் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து கருவிகளை இயக்குவார். முப்பரிமாணக் காட்சி, மணிக்கட்டு மாதிரி வளையும் கருவி, கை நடுக்கமும் கருவிக்குப் போகாது, எல்லாம் உண்மைதான். ஆனால் செலவு கூடுதல், அதற்காகப் புற்றுநோய் விஷயத்தில் லேப்ராஸ்கோப்பியைவிட ஆயுள் கூடும் என்று நிரூபணம் ஆகவில்லை.

சித்தப்பாவின் கட்டி பின்பக்கம் மேலே, உதரவிதானத்தை ஒட்டி ஏழு எட்டாம் பகுதிகளில், ஒரு பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. "இவருக்குத் திறந்தே செய்வோம், ரத்தம் கொட்டினால் கை உள்ளே இருக்க வேண்டும்" என்றார் அந்த டாக்டர், எனக்கு அந்த நேர்மை ரொம்பப் பிடித்தது. ஈரல் நல்லா இருந்தால் வெட்டியபின் 20 முதல் 30 சதவீதம் மிஞ்சினாலே போதும், சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போவது) வந்த ஈரலுக்குச் சுமார் 40 வேண்டும், இவருக்கு அவ்வளவு நிற்குமா என்று சி.டி.யில் அளந்து பார்த்த பிறகுதான் தேதியே கொடுத்தார்.

வலது விலாவுக்குக் கீழே நீளத் தழும்பு, முதல் சில நாள் இருமவே பயந்தார். ஆனால் கட்டியைச் சுற்றி நல்ல திசு விளிம்போடு முழுசாக எடுத்தாயிற்று, எனக்கு அதுதான் முக்கியம். நர்ஸுகள் அருமை, பில்லிங் கவுண்டர்தான் மகா மெதுவு.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கட்டி எங்கே, எவ்வளவு ஈரல் மிஞ்சும், இந்த மாதிரி ஆபரேஷன் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், நடுவில் திறக்க வேண்டிவந்தால் செலவு என்ன, இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், நம்ம முதலமைச்சர் காப்பீட்டுப் பட்டியலில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இந்த நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், அதனால் ஏ.எஃப்.பி. என்கிற, ஈரல் புற்றுநோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் டாக்டர் சொன்ன தேதியில் தவறவிடாதீர்கள்.