கருவிலேயே பல்: எந்தச் சுறாவை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்?

ஹட்டன் சந்தையில் சுறா என்றால் பெரும்பாலும் கருவாட்டுத் துண்டுதான். தலையோடு வருவது அபூர்வம். அதனால் உயர்தர உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சுறாப் பல் படத்தோடு சரி. ஆனால் சுறாக்குட்டி பல்லோடுதான் பிறக்கிறது. அது எப்படி என்று விளக்க மூன்று சுறாக்கள் இருக்கின்றன.

பிள்ளைகளைச் சட்டென்று இழுப்பது மணற்புலிச் சுறா. தாய்க்கு இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முந்தி வளரும் கரு, சுமார் 10 சென்ரிமீற்றர் நீளத்திலேயே கடிக்கக்கூடிய பல்லோடு இருக்கும்; கூட இருக்கும் கருக்களைத் தின்றுவிடும். அப்புறம் தாய் விடும் கருவுறாத முட்டைகள்தான் சாப்பாடு. கடைசியில் பிறப்பது இரண்டே குட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மீற்றர். சினைச் சுறாவுக்குள் கைவிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஸ்பிரிங்கரை உள்ளேயிருந்த கரு கடித்தது. அதை அவர் 1948இல் எழுதினார்.

பால்சுறா இதற்கு நேர்மாறு. நஞ்சுக்கொடி வழியாக உணவு வருவதால் கருவறைக்குள் பல்லுக்கு வேலையில்லை. பிறந்ததும் வேட்டைக்குத்தான் அது. ஆனால் கையில் கிடைப்பது இதுதான். மீன் லொறிக்காரரிடம் சொல்லிவைத்துத் தலையோடு ஒன்று வாங்கி, தாடையின் உட்பக்கச் சவ்வைக் கத்தியால் மெல்ல விலக்கிக் காட்டுங்கள். அடுத்த வரிசைப் பற்கள் படுத்தபடி இருக்கும்.

பல் உருவாகும் விதத்தைக் காட்ட என் தேர்வு பூனைச்சுறா. முட்டையிடும் இனம் என்பதால் கரு வளர்வதைப் படிப்படியாகப் பார்க்க முடியும். முதலில் தாடையோரத்தில் மேல்தோல் ஒரு பட்டையாகத் தடிக்கிறது. அதில் முதற்பற்கள் அரும்புகின்றன. பிறகு அந்தத் தோல் உள்நோக்கி மடிந்து பல்தகடாகிறது. தகட்டின் ஆழத்தில் புதுப்பல் அரும்ப அரும்ப, பழையது வெளிப்பக்கமாக நகர்கிறது. மனிதக் கருவிலும் 6ஆம் வாரமளவில் இதே தடிப்புத்தான் தொடக்கம். நமக்குப் பால்பல் 20, நிலைப்பல் 32 என்று முடிந்ததும் தகடு அழிந்துவிடும். சுறாவுக்கு ஆயுள் முழுக்க நிலைக்கும். பூனைச்சுறாக் கருவில் பல்லை உண்டாக்கும் முக்கிய மரபணுக்கள் நம்மிடமும் உள்ளவையே என்று 2016இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரே பாடவேளைதான் இருக்கிறது என்றால் பூனைச்சுறாவில் தொடங்குங்கள். மணற்புலியை முதலில் சொன்னால், எல்லாச் சுறாவும் வயிற்றுக்குள்ளேயே உடன்பிறப்பைத் தின்னும் என்றுதான் பிள்ளைகள் மனதில் பதியும்.