போத்து வேர்பிடிக்க எந்தக் கலவை ஏற்றது?

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் சிங்கப்பூரில், நட்ட போத்து (வேர்பிடிக்க வெட்டி நடும் கிளைத்துண்டு) காய்ந்து போவதைவிட அடி கறுத்து அழுகிப் போவதே பெரும்பாடு. ஆகவே எந்தக் கலவையானாலும், நீரை எவ்வளவு விரைவாக வடியவிட்டு வேருக்குக் காற்றோட்டம் தருகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

பையில் விற்கும் பூந்தொட்டி மண்ணைப் பலரும் அப்படியே தொட்டியில் நிரப்பிவிடுகிறார்கள். மட்கிய எரு மிகுந்த அந்த மண் வளர்ந்த செடிக்கு நல்லது; வேரே இல்லாத குச்சிக்கோ அந்தச் சத்தால் பயனில்லை, ஈரத்தில் பூஞ்சைதான் பெருகும்.

தேங்காய் நார்த்தூள் மலிவானது, எளிதில் கிடைப்பது. உப்புப் போக இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்துதான் அதைப் பயன்படுத்த வேண்டும். தனியாக இட்டால் மேற்பரப்பு உலர்ந்ததுபோல் தோன்றும்போதும் அடியில் ஈரம் தேங்கியிருக்கும். அதை நம்பி மீண்டும் நீரூற்றித்தான் என் மல்லிகைப் போத்துகள் பலவற்றை இழந்தேன். இப்போது சரிபாதி பெர்லைட் சேர்க்கிறேன். எரிமலைக் கண்ணாடிப் பாறையைக் கடுஞ்சூட்டில் பொரியவைத்துச் செய்யும் அந்த வெண்ணிறப் பரல்கள் கலவைக்குள் காற்றுக்கு இடம் தருகின்றன. ஒரு கைப்பிடி ஈரக் கலவையை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக்கூடாது. கையை விரித்ததும் உருண்டை உதிர வேண்டும். செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் இதைவிட நம்பகமான கலவையை நான் கண்டதில்லை. பெர்லைட்டின் தூசி மூச்சுக்கு ஆகாது என்பதால், நீர் தெளித்த பிறகே கையாளுங்கள்.

பெர்லைட்டின் விலை கட்டுப்படியாகாதவர்கள் கருக்கிய உமியைச் சேர்க்கலாம். அதன் சாம்பல் காரத்தன்மை கொண்டதால், நன்கு அலசிய பின்பே பயன்படுத்த வேண்டும்.

தடித்த முருங்கைப் போத்துக்கு மட்டும் பருமணலே முதலிடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் காற்று பலமாக வீசும்போது, மணலின் எடை தொட்டியைச் சாயவிடாது என்பது கூடுதல் நன்மை. கற்பூரவல்லிக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம். கணுவோடு கிள்ளி வைத்தால் ஏறக்குறைய எதிலும் பிடித்துக்கொள்ளும்.

எதில் நட்டாலும், தொட்டிக்கு அடியில் நீர் தேங்கும் தட்டு வைக்காதீர்கள். அது அழுகலோடு ஏடிஸ் கொசுவுக்கும் இடம் தரும். சில வாரங்களுக்குப் பின் போத்தை மெல்ல அசைத்தால் அது பிடிமானம் காட்ட வேண்டும். பூந்தொட்டி மண்ணுக்கு மாற்றும் வேளை அதுதான்.