வருமானம் குறையும்போது வீட்டு இணையம்: எதை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது

வேலை ஆட்டம் கண்டாலோ சம்பளம் குறைந்தாலோ மாதச் செலவுகளில் சீக்கிரமே கண்ணில் படுவது இணையக் கட்டணம்தான். வாடகை நம் கையில் இல்லை. மருந்துச் செலவும் அப்படித்தான். இணையத்தை மட்டும் ஒரு போன் போட்டால் குறைத்துவிடலாம். இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே யோசிக்காமல் தவறான இடத்தில் வெட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்துக் கூடுதல் பணம் கட்டித் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

வழிகள் நான்கு. இருக்கிற பிளானையே வைத்துக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது ஒன்று. அதே லைனில் வேகம் குறைந்த பிளானுக்கு இறங்குவது இன்னொன்று. மாதம் இத்தனை ஜிபிதான் என்று வரம்பு போட்ட மலிவு பிளானுக்குப் போவது மூன்றாவது. வீட்டு லைனையே துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவில் காலம் தள்ளுவது கடைசி. என் ஓட்டு பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவது வழிக்குத்தான். வேகத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். டேட்டா அளவையும் லைனையும் தொடும்போதுதான் யோசிக்க வேண்டும்.

வேகம்: நினைப்பதைவிடக் குறைவாகவே தேவை

300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) பிளான் உள்ள ஒரு வீட்டில் இரவு எட்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹாலில் டிவியில் எச்டி தரத்தில் படம் ஓடுகிறது. அதற்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ். உள்ளறையில் ஒருவர் வீடியோ அழைப்பில் இருக்கிறார். தரத்தைப் பொறுத்து 1 முதல் 4 வரை. இன்னொருவர் போனில் யூடியூப் பார்க்கிறார். அதற்கும் ஒரு 5 வைத்துக்கொள்ளுங்கள். மற்ற போன்கள் வாட்ஸ்அப், மெயில் என்று சில்லறையாக இழுப்பதையும் சேர்த்தால் 20-ஐத் தாண்டாது. டிவியில் 4கே ஓடினால் நெட்ஃபிளிக்ஸ் 15 கேட்கும். அப்போதும் மொத்தம் 30-ஐ ஒட்டித்தான். மீதி 270 மாதா மாதம் காசு கொடுத்துச் சும்மா கிடக்கிறது.

“இப்போது எல்லாம் நன்றாக ஓடுகிறதே, குறைத்தால் திணறாதா?” என்ற பயம் இயல்புதான். ஆனால் வீடியோ தளங்கள் கிடைக்கிற வேகத்துக்கு ஏற்பப் படத்தின் தரத்தைத் தாங்களே ஏற்றி இறக்கிக்கொள்ளும். நிறைய இருந்தால் நிறைய எடுக்கும், குறைந்தால் குறைத்துக்கொண்டு ஓடும். 2020 மார்ச்சில், கொரோனாவால் எல்லாரும் வீட்டில் அடைந்தபோது, ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோக்களுக்கு நொடிக்கு அனுப்பும் டேட்டாவைக் குறைத்து, போக்குவரத்தைக் கால் பங்கு குறைப்பதாக அறிவித்தது. யூடியூபும் சாதாரணத் தரத்தையே இயல்பாக வைத்தது. அதற்காக யாரும் படம் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அதிக வேகம் உண்மையாகவே பயன்படுவது பெரிய கோப்புகளை இறக்கும்போதுதான். 50 ஜிபி உள்ள ஒரு வீடியோ கேமை 300 எம்பிபிஎஸ் லைன் 22 நிமிடத்தில் இறக்கும், 50 எம்பிபிஎஸ் லைனுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் வாரத்துக்கு எத்தனை முறை அப்படி இறக்குகிறோம்? இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும். கேம் விளையாடுபவர்கள் கவலைப்படும் பிங் (சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம்) என்பதும் வேறு சங்கதி. அது நம் லைனின் வகையையும் சர்வர் இருக்கும் தூரத்தையும் பொறுத்தது. ஒரே லைனில் 300-லிருந்து 50-க்கு இறங்கினால் பிங் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இணையப் பக்கங்கள் திறக்கும் நேரத்திலும் பெரிய மாற்றம் தெரியாது.

இன்னொன்று: நாம் காசு கொடுக்கும் வேகம் நம் போனுக்கு வந்து சேர்கிறதா என்பதே சந்தேகம். பழைய ரவுட்டர், நடுவில் இரண்டு சுவர், வைஃபையின் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்றால் பின்னறையில் 30, 40 எம்பிபிஎஸ் வருவதே பெரிது. ரவுட்டரில் ஒயர் செருகும் லேன் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால், ஒயரில் செருகினாலும் அதற்கு மேல் ஏறாது. அந்த வீட்டில் 300-லிருந்து 100-க்கு இறங்கினால் வித்தியாசம் தெரிவது பில்லில் மட்டும்தான்.

நம்பிக்கை வரவில்லையா? சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. பல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் ‘பேண்ட்வித் கண்ட்ரோல்’ அல்லது ‘க்யூஓஎஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே மொத்த வேகத்தை, நீங்கள் இறங்க நினைக்கும் பிளானின் அளவுக்குக் கட்டிப்போடுங்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரு வாரம் யாரும் “நெட் ஸ்லோ” என்று கத்தவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. (சொல்லிவிட்டுச் செய்தால் முதல் நாளே நான்கு புகார் வரும்.)

அப்லோட்: இறங்கும்போது அடிபடும் இடம்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பதிவிறக்க வேகம். பதிவேற்ற வேகம், அதாவது அப்லோட், பல நிறுவனங்களில் கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஃபைபர் லைன்களில் இரண்டும் சமமாக இருப்பதுண்டு. கேபிள், டிஎஸ்எல் (தொலைபேசி ஒயர் வழி வரும் இணையம்) லைன்களில் அப்லோட் பல நேரம் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான். 50 எம்பிபிஎஸ் பிளானில் 5 மட்டும் மேலே போகும் என்றால், அங்கேதான் நெருக்கடி வரும்.

ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறோம். போன் வைஃபையைப் பிடித்த உடனே, எடுத்த படங்களை எல்லாம் கிளவுடில் ஏற்றத் தொடங்கும். 400 படம், ஒவ்வொன்றும் 4 எம்பி என்றால் 1.6 ஜிபி. 5 எம்பிபிஎஸ் அப்லோடில் அது ஏறி முடிய 43 நிமிடம் ஆகும். அந்த 43 நிமிடத்துக்குள் ஒருவருக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு இருந்தால்? எதிரில் பேசுபவரின் முகமும் குரலும் இவருக்குத் தெளிவாகவே வரும். இவருடைய குரல்தான் அந்தப் பக்கம் துண்டு துண்டாகப் போகும். கோளாறு தன் பக்கம் என்பதுகூட இவருக்குத் தெரியாது. வேலை தேடும் காலத்தில் இதைவிட மோசமான இடத்தில் இணையம் காலை வாராது.

அதனால் பிளான்களை ஒப்பிடும்போது முதலில் அப்லோடைப் பாருங்கள். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வீடியோ அழைப்பு நடக்கும் என்றால் 10 எம்பிபிஎஸ் அப்லோடுக்குக் கீழே நான் இறங்க மாட்டேன். ஒருவர்தான் என்றால் 5 போதும், ஆனால் படங்கள் ஏறுவதை இரவுக்குத் தள்ளிவைக்க வேண்டும் அல்லது கையால் இயக்கும்படி மாற்ற வேண்டும்.

பெரிய கோப்பு ஒன்று ஓடும்போது மற்ற எல்லாமே இழுபடுவதற்கு ரவுட்டருக்குள் வரிசை நீண்டுவிடுவதும் காரணம். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் இதைப் பெரிதாகப் பேசவைத்தார், ‘பஃபர்புளோட்’ என்ற பெயரும் நிலைத்தது. இந்த வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் ‘எஸ்க்யூஎம்’ வசதி உள்ள ரவுட்டரானால் அதை இயக்கி, லைன் வேகத்தில் 85, 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். சரியாக அமைத்த 40 எம்பிபிஎஸ் லைன், அமைக்காத 200-ஐவிட அழைப்புகளுக்கு நன்றாக இருக்கும். நிறைய பேர் இதைச் செய்யாமலேயே மேல் பிளானுக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

டேட்டா வரம்பு: மலிவாகத் தெரியும், ஏமாற்றிவிடும்

வேகத்தைக் குறைப்பதும் அளவைக் குறைப்பதும் ஒன்றல்ல. வரம்பில்லாத 30 எம்பிபிஎஸ் லைன் மாதம் முழுக்க இடைவிடாமல் இழுத்தால் 9,700 ஜிபி வரும். எந்த வீடும் அதைத் தொடாது. அதே விலைக்கு “100 எம்பிபிஎஸ், மாதம் 150 ஜிபி” என்று ஒரு பிளானைக் காட்டுவார்கள். எண்ணைப் பார்த்தால் இதுதான் உயர்வாகத் தெரியும்.

நெட்ஃபிளிக்ஸ் எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகும், 4கே-வுக்கு 7 வரை. தினம் மூன்று மணி நேரம் எச்டி ஓடினால் மாதம் 270 ஜிபி. பதினேழாம் தேதி வாக்கிலேயே 150 தீர்ந்துவிடும். அப்புறம் என்ன ஆகும் என்பதில்தான் பிளானுக்குப் பிளான் வித்தியாசம்: சிலவற்றில் ஒவ்வொரு ஜிபிக்கும் கூடுதல் காசு, சிலவற்றில் வேகம் படுத்துவிடும், சிலவற்றில் அப்படியே நின்றுவிடும். முதல் வகை பண நெருக்கடியில் வேண்டவே வேண்டாம். மிச்சம் பிடிக்கப் போய்ப் பில் ஏறும். இரண்டாவது வகையில் எவ்வளவுக்குக் குறையும் என்று கேளுங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் சமாளிக்கலாம். 128 கேபிபிஎஸ் (0.128 எம்பிபிஎஸ்) என்றால் குரல் அழைப்பு மட்டும் எப்படியோ நடக்கும், ஒரு விண்ணப்பப் படிவம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

டிவியில் படம் பார்க்காத வீட்டுக்கு வரம்பு பிளான் சரிவரலாம். நிறுவனத்தின் ஆப்பில் கடந்த சில மாதங்களின் பயன்பாடு இருக்கும். அதில் மிக அதிகமான மாதத்தை எடுத்துக்கொண்டு பாருங்கள், சராசரியை நம்ப வேண்டாம். பார்ப்பவர்கள் தரத்தை ‘மீடியம்’ என்று மாற்றினால் மணிக்கு 0.7 ஜிபிதான். அதே மூன்று மணி நேரம் மாதம் 63 ஜிபியில் அடங்கிவிடும்.

லைனை வெட்டி மொபைலில் ஓட்டுவது

தனியாக இருப்பவர், பெரும்பாலும் வெளியில் இருப்பவர், வேலைக்குக் கணினி தேவைப்படாதவர் என்றால் இது நல்ல வழி. ஏற்கெனவே கட்டும் மொபைல் ரீசார்ஜில் மிஞ்சுகிற டேட்டாவே போதும் என்றால் இன்னொரு பில் எதற்கு?

குடும்பமாக இருந்தால் கதை வேறு. ஹாட்ஸ்பாட் போட்ட போன் யாருடையதோ, அவர் வெளியே கிளம்பும்போது வீட்டு இணையமும் கூடவே கிளம்பிவிடும். ஆளுக்கொரு பெரிய ரீசார்ஜ் போட்டால், நான்கு ரீசார்ஜ் சேர்ந்து பழைய லைன் கட்டணத்தையே தாண்டிவிடக்கூடும். சில மொபைல் பிளான்களில் டேட்டா வரம்பில்லை என்று இருந்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கும். டவர் என்பது அந்தப் பகுதி முழுவதும் பங்குபோடுவது. மாலையில் எல்லாரும் வீடு திரும்பியதும் சிக்னல் முழுதாகக் காட்டும், வேகம் மட்டும் வராது. கணினியைச் சேர்த்தால் விண்டோஸ் அப்டேட் ஒன்றே அன்றைய டேட்டாவை விழுங்கிவிடும். அதைத் தடுக்க, கணினியின் அமைப்பில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவோடு வரும் இணைப்பு) என்று குறித்துவைக்க வேண்டும்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் நிரந்தரமாகத் துண்டிக்கும் முன் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாதம் மொபைலில் வாழ்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அதே பிளான், குறைந்த கட்டணம்

இறங்குவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. லைனை நிறுத்தப் போவதாகச் சொன்னால் பல நிறுவனங்களில் அழைப்பு, வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்குப் போகும். முன்னால் பேசிய ஆளுக்கு இல்லாத அதிகாரம் அவர்களுக்கு இருக்கும். ஆனால் ஆஃபர் எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் தானாகப் பழைய கட்டணத்துக்கு ஏறிவிடும் தள்ளுபடியைவிட, தானாக ஏறாத சின்ன பிளான் மேல். தள்ளுபடிக்குப் பதில் இரண்டு வருட ஒப்பந்தம் கேட்டால், வருமானம் நிச்சயமில்லாத காலத்தில் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இறங்கும் முன் கேட்க வேண்டியவை

பாதி வேகத்துக்குப் பாதிக் கட்டணம் என்று பெரும்பாலும் இருக்காது. ஒயர், பராமரிப்பு, ஆள் செலவு எல்லாம் எந்த வேகத்துக்கும் நிறுவனத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மாத மிச்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, பிளான் மாற்றும் கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது அற்பமாக இருந்தால் பில்லின் மற்ற வரிகளுக்குப் போகலாம். யாரும் எடுக்காத லேண்ட்லைன், கூடவே கட்டிவிட்ட ஓடிடி, மாதா மாதம் ரவுட்டர் வாடகை என்று சில நேரம் அங்கேதான் பெரிய தொகை ஒளிந்திருக்கும். வாடகை ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினால் எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்பது எளிய வகுத்தல்தான். மாற்று ரவுட்டரை அந்த லைன் ஏற்குமா என்பதை மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தக் காலத்துக்குள் இறங்கினால் அபராதம் உண்டா, மறுபடி மேலே ஏறக் கட்டணம் உண்டா, இப்போதைய பிளான் அப்போதும் இதே விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பழைய வாடிக்கையாளர் என்பதால் மட்டும் தொடரும் விலை என்றால், விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. அந்த ஒரு நிலையில் மட்டும் இறங்க நான் தயங்குவேன். மற்றபடி, பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், பில் சுழற்சி முடியும் தேதிக்கு மாற்றத்தை வைக்கச் சொல்லுங்கள். மாற்றிய பின் முதல் பில்லில் பழைய ஓடிடி கட்டணமோ பழைய வேகத்தின் விலையோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றே கூப்பிட்டுக் கழிக்கச் சொல்லுங்கள்.