ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் டிரைவ்லைன் கிட்: பாகங்கள் அருமை, கையேட்டை நம்பாதீர்கள்

ரிமோட்டில் ஓட்டும் மாடல் ரேஸிங் படகுக்கு மோட்டார், ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். அந்தச் சக்தியைத் தண்ணீர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற டிரைவ்லைன் என்றால் மட்டும் ஏனோ அவசரம். இந்த கிட்டை மூன்று மாதமாக ஒரு வி-ஹல் (அடிப்பாகம் வி வடிவில் இருக்கும்) படகில் போட்டு ஓட்டுகிறேன். இதே பெட்டி வேறு வேறு பெயர்களில் விற்பனைக்கு வருவதால் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன்.

பெட்டியில் மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் 4.76 மி.மீ. ஃப்ளெக்ஸ் கேபிள், அதன் நுனியிலேயே பொருத்தி வந்த ஸ்டப் ஷாஃப்ட் (புரொப்பல்லர் மாட்டும் தண்டு), கேபிள் ஓடும் பித்தளை டியூப், அதற்குள் போகும் டெஃப்லான் லைனர், படகின் பின்னால் ஸ்டப் ஷாஃப்டைத் தாங்கும் அலுமினிய ஸ்ட்ரட், புரொப்பல்லரைப் பிடித்துச் சுற்றும் டிரைவ் டாக், கேபிளை 5 மி.மீ. மோட்டார் ஷாஃப்டோடு இணைக்கும் காலெட் கப்ளர் எல்லாம் இருக்கின்றன. கேபிள் நல்ல தரம். ஸ்டப் ஷாஃப்டை விரலால் உருட்டிப் பார்த்தேன், கொஞ்சம்கூட ஆட்டம் இல்லை. பித்தளை டியூப் நன்றாக வளைகிறது. பொடி மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு கண்ணாடிப் பாட்டிலின் மேல் வைத்துக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் மடிப்பு விழாமல் வளைந்துவிடும். அப்புறம் மணலைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே தங்கினாலும் லைனர் கிழிந்துவிடும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். டிரைவ் டாக்கை ஸ்ட்ரட்டோடு ஒட்டி வைத்து இறுக்கச் சொல்கிறது கையேடு. அப்படியே செய்தேன். முதல் ஓட்டத்தில் இரண்டு சுற்று போவதற்குள் படகு மந்தமாகி, கரைக்கு வந்தபோது மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால், ஸ்ட்ரட்டின் பின்முகத்தில் புஷிங்கை (ஷாஃப்ட் உள்ளே சுற்றும் குழல்) சுற்றி ஒரு வளையம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. டாக் அங்கேயே உரசி உரசித் தேய்த்திருக்கிறது.

காரணம் எளிது. ஃப்ளெக்ஸ் கேபிள் என்பது பின்னிய கம்பி. முழு விசையில் முறுக்கு ஏறும்போது பின்னல் இறுகி, கேபிளின் நீளம் கொஞ்சம் குறைகிறது, அதனால் டாக் முன்னால் இழுபட்டு ஸ்ட்ரட்டில் போய் முட்டுகிறது. மேசை மேல் நிற்கும்போது இது தெரியவே தெரியாது. கேபிளின் தடிமன் அளவுக்காவது, சுமார் 5 மி.மீ., இடைவெளி விட வேண்டும். விட்டேன், அன்றிலிருந்து மோட்டார் இளஞ்சூட்டோடுதான் திரும்பி வருகிறது. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு புஷிங் பிழைத்திருக்கும், புதிதாக வாங்குகிறவர்கள் மோட்டாரையே பறிகொடுக்கவும் கூடும். இதைச் சின்னத் தவறு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

காலெட் கப்ளர் பரவாயில்லை. ஆனால் கேபிள் முனையில் கிரீஸ் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்துவிட்டு, இரண்டு ஸ்பானர் போட்டு இறுக்குங்கள். மோட்டார் பக்கம் திருகுகள்தான், ஷாஃப்டில் ஒரு தட்டையான இடம் அரம் போட்டுத் தேய்த்து, திரெட் லாக்கர் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைப்பது நல்லது. கேபிளை நீளம் குறைக்க வேண்டுமா? கட்டிங் பிளேயரைத் தொடவே தொடாதீர்கள், இழை பிரிந்துவிடும். வெட்டும் இடத்தில் ஈயம் பற்றவைத்து, கட்டிங் டிஸ்க்கால் அறுத்தால் சுத்தமாக வரும்.

மோட்டாரை முதலில் திருகிவிட்டு டியூபை அதற்கு ஏற்ப இழுக்காமல், டியூபை அதன் இயல்பான வளைவில் படுக்க வைத்துவிட்டு மோட்டாரை அதன் வாய்க்கு நேராகக் கொண்டுவாருங்கள். நான் கப்ளரை விரலால் திருப்பிக்கொண்டே மோட்டார் மவுண்டை முடி அளவு முடி அளவாக நகர்த்தினேன், ஒரு இடத்தில் பிடிப்பு சட்டென்று விட்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது. அதுதான் சரியான இடம். நிமிடத்துக்கு 25,000, 30,000 சுற்று போகிற கேபிளில் சின்னக் கோணலும் அதிர்வாக மாறும், அந்த அதிர்வுதான் லைனரைத் தின்னும்.

ஸ்ட்ரட்டில் நீளத் துளைகள் இருப்பதால் உயரம் மாற்றுவது சுலபம். ஹல்லின் அடிப்பாகத்துக்கு இணையாக வைத்து ஆரம்பியுங்கள். ஸ்ட்ரட்டின் பின்முனையைக் கொஞ்சம் தாழ்த்தினால் படகின் பின்பக்கம் தூக்கி, மூக்கு தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். மொத்தமாகக் கீழே இறக்கினால் புரொப்பல்லர் ஆழமாகக் கடிக்கும், கரண்ட்டும் அதோடு ஏறும்.

ஈ.எஸ்.சி.யில் பிரேக்கை அணைத்துவிடுங்கள். பிரேக் பிடித்து மோட்டார் சட்டென்று நிற்கும்போது புரொப்பல்லர் நட் கழன்று, புரொப்பல்லர் தண்ணீருக்குள் போய்விடும்.

ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் கேபிளை உருவி, துடைத்து, மரைன் கிரீஸ் தடவி மறுபடி நுழைக்கிறேன். முதல் வாரம் துணியில் கறுப்பாக வந்தது, இப்போது கிரீஸ் போட்ட நிறத்திலேயே வருகிறது. மூன்று மாதத்தில் ஒரு இழைகூட அறுந்ததில்லை, துரு இல்லை. இதே கிட்டை இன்னொரு படகுக்கும் வாங்கிவிட்டேன். கையேடு மட்டும் பெட்டியிலேயே இருக்கிறது.